அக்கா, தங்கை, வீட்டு ரகசியம்: உங்கள் திகில் கதையில் பயம் ஏன் வரவில்லை?

கேள்வியைச் சுருக்கமாக ஒருமுறை சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் விஷயம் தெரியட்டும். நீங்கள் ஒரு திகில் நாவல் எழுதியிருக்கிறீர்கள். அப்பா இறந்த பிறகு, கல்யாணம் ஆகாத அக்காவும், கணவனோடு தங்கையும் வெகுநாள் பூட்டிக் கிடந்த சொந்த வீட்டுக்கு வருகிறார்கள். ராத்திரியில் சத்தம், ஜன்னலில் நிழல், கிணற்றடியில் யாரோ நிற்பது போல ஒரு தோற்றம். கடைசி அத்தியாயத்தில் பரண்மேல் இருக்கும் டிரங்குப் பெட்டியில் அம்மாவின் டைரி கிடைக்கிறது, அதில் குடும்ப ரகசியம் முழுக்க எழுதியிருக்கிறது. படித்தவர்கள் எல்லோரும் "நன்றாக இருக்கிறது, ஆனால் பயம் வரவில்லை" என்கிறார்கள். எங்கே கோளாறு, இந்த மாதிரிக் கதைகளில் எதைப் படிக்கலாம் என்பது கேள்வி.

கோளாறு அந்த டைரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். டைரி சுவாரசியமாக எழுதப்படவில்லை என்று சொல்லவில்லை. குடும்ப ரகசியம் என்பது யாரோ ஒருவர் ஒருநாள் கண்டுபிடிக்கிற பொருளாக இருந்தால், கண்டுபிடிக்கும் வரைக்கும் அந்த வீட்டில் அது இல்லை என்றே அர்த்தம். நிஜத்தில் அப்படி எந்த வீட்டிலும் இருப்பதில்லை. ஒரு சாவை மூடி மறைத்த வீட்டில் அந்தச் சாவைச் சுற்றியே எல்லாப் பழக்கமும் உருவாகியிருக்கும். யாரும் உட்காராத ஒரு நாற்காலி இருக்கும், யாரும் பெயர் சொல்லாத ஒரு ஆள் இருப்பார், ஒரு பேச்சு எடுத்தால் உடனே ஒருவர் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். வீட்டில் இருப்பவர்களுக்கு அது விசித்திரமாகவே தெரியாது, ஏனென்றால் பிறந்ததிலிருந்து அப்படித்தான். வெளியாளுக்குத்தான் உறுத்தும். இந்த உறுத்தல்தான் நீங்கள் தேடும் பயம், அது முதல் அத்தியாயத்திலிருந்தே வர வேண்டும்.

அக்கா தங்கை கதைகளில் இது இரண்டு மடங்கு வேலை செய்யும். இருவரும் ஒரே சட்டதிட்டத்துக்குள் வளர்ந்தவர்கள், ஒருவருக்கொருவர் எதையும் விளக்க வேண்டியதில்லை. ஒருத்தி பார்வையிலேயே மற்றவள் பேச்சை நிறுத்திவிடுவாள். படிப்பவருக்கு அவர்களுக்கு நடுவில் என்ன பரிமாறப்படுகிறது என்று தெரியாது, ஏதோ பரிமாறப்படுகிறது என்பது மட்டும் தெரியும்.

இதைப் பிரமாதமாகச் செய்த ஒரு நாவலையும், ஒரு கொரிய நாட்டுப்புறக் கதையோடு அதிலிருந்து வந்த ஒரு படத்தையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். முடிச்சை அவிழ்க்காமல் இவற்றைப் பற்றிப் பேசவே முடியாது, அதனால் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். தெரியாமல் படிக்க ஆசைப்படுகிறவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, படித்த பிறகு வாருங்கள்.

முதலாவது, அமெரிக்க எழுத்தாளர் ஷெர்லி ஜாக்சன் 1962இல் வெளியிட்ட 'வீ ஹேவ் ஆல்வேஸ் லிவ்ட் இன் த காஸில்'. அவர் முடித்த கடைசி நாவல் இதுதான், 1965இல் 48 வயதில் இறந்துபோனார். பெரிய புத்தகம் கிடையாது, இரண்டு மூன்று நாளில் படித்துவிடலாம், ஆனால் படித்து முடித்த பிறகு லேசில் விடாது.

ஊருக்கு வெளியே பெரிய வீடு. அதில் 28 வயது கான்ஸ்டன்ஸ், 18 வயது மேரி கேத்தரின் (வீட்டில் மெரிகேட் என்று கூப்பிடுவார்கள்), சக்கர நாற்காலியில் அப்பாவின் சகோதரர் ஜூலியன், ஒரு பூனை. மற்றவர்கள் எல்லோரும் இறந்துவிட்டார்கள். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி சாப்பாட்டில், பழத்தின் மேல் போட்டுக்கொண்ட சர்க்கரையில் ஆர்சனிக் கலந்திருந்தது. அப்பா, அம்மா, தம்பி, ஜூலியனின் மனைவி, நாலு பேரும் போய்விட்டார்கள். ஜூலியன் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டதால் உயிரோடு மிஞ்சினார், உடம்பும் புத்தியும் பழையபடி ஆகவில்லை. கான்ஸ்டன்ஸ் சர்க்கரை போட்டுக்கொள்ளும் பழக்கம் இல்லாதவள். சமைத்தவளும் அவள்தான், போலீஸ் வருவதற்கு முன்னால் சர்க்கரைக் கிண்ணத்தைக் கழுவி வைத்தவளும் அவள்தான். ஏன் கழுவினாய் என்றால் உள்ளே சிலந்தி இருந்தது என்கிறாள். வழக்கு நடந்து விடுதலையாகிவிட்டாள், ஆனால் ஊர் விடுதலை செய்யவில்லை. அன்றைக்கு 12 வயது மெரிகேட் ஏதோ குறும்புக்காகச் சாப்பாடு இல்லாமல் படுக்கைக்கு அனுப்பப்பட்டிருந்தாள், அதனால் தப்பித்தாள்.

இவ்வளவு தகவலும் நாவலின் முன்பகுதியிலேயே வந்துவிடுகிறது. யார் செய்தது என்று ஊகிப்பதும் கஷ்டமில்லை, நானும் நீங்களும் இந்தச் சுருக்கத்தைப் படிக்கும்போதே ஊகித்துவிடுவோம். அப்படியிருந்தும் பயம் குறையவே இல்லை, ஏன்? ஜாக்சன் ரகசியத்தை ஒளித்து வைக்கவில்லை, அந்த வீட்டின் அன்றாட நடைமுறையில் கரைத்துவிட்டிருக்கிறார்.

கதை சொல்வது மெரிகேட். தனக்கு என்னென்ன அனுமதி இல்லை என்று அவள் அங்கங்கே சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே போகிறாள். தோட்டத்திலிருந்து காய்கறி எடுத்து வரலாம், ஆனால் சமைக்கக் கூடாது. காளான் பறிக்கக் கூடாது. இந்த விதிகளை யார் போட்டது, எப்போது போட்டது, எதற்காக என்று ஒரு வார்த்தை இல்லை. 18 வயதுப் பெண்ணை ஏன் உணவில் கைவைக்க விடவில்லை என்று நமக்கு ஒரு கணம் உறைக்கிறது, அதற்குள் அவள் வேறு ஏதோ பேசப் போய்விடுகிறாள். கான்ஸ்டன்ஸ் தங்கையை ஒருபோதும் அதட்டுவதில்லை, சந்தேகமாகப் பார்ப்பதில்லை, கொஞ்சுகிறாள், பிடித்ததைச் சமைத்துப் போடுகிறாள். ஆனால் அந்த விதி மட்டும் தளர்வதே இல்லை. ரகசியம் முழுக்க அதற்குள்தான் இருக்கிறது.

அந்த வீட்டு நிலவறையில் ஒரு விஷயம் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. தலைமுறை தலைமுறையாக அந்தக் குடும்பத்துப் பெண்கள் ஜாம், ஊறுகாய், பதப்படுத்திய காய்கறி என்று ஜாடி ஜாடியாகப் போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கொள்ளுப்பாட்டி போட்டது, பாட்டி போட்டது, அம்மா போட்டது என்று வரிசையாக நிற்கின்றன. கான்ஸ்டன்ஸும் தன் பங்குக்குப் போட்டு அடுக்குகிறாள். பழைய ஜாடிகளை யாரும் திறப்பதில்லை, சாப்பிட்டால் செத்துப்போவோம் என்று கான்ஸ்டன்ஸ் சொல்கிறாள். ஆனாலும் தூக்கிப் போடுவதும் இல்லை. குடும்பம் என்றால் என்ன, பரம்பரை என்றால் என்ன, பெண்கள் தங்களுக்குப் பின்னால் வருபவர்களுக்கு எதைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள் என்று எழுதக்கூடிய எத்தனையோ பக்கங்களை அந்த ஒரு அலமாரி செய்துவிடுகிறது. உங்கள் கதையில் பரண்மேல் டிரங்குப் பெட்டி இருக்கிறதல்லவா, அதோடு இதை வைத்துப் பாருங்கள். உங்கள் பெட்டி திறப்பதற்காகக் காத்திருக்கிறது. இந்த ஜாடிகள் தினமும் கண்முன்னால் நிற்கின்றன, யாரும் திறக்காமலே பயமுறுத்துகின்றன.

அப்புறம் ஜூலியன். அவர் அந்தச் சாவு நாளைப் பற்றிக் குறிப்புகள் எழுதிக்கொண்டே இருக்கிறார், யார் எங்கே உட்கார்ந்தார்கள், என்ன பேசினார்கள் என்று. வீட்டுக்கு வந்த ஒரு பெண்மணிக்கு அத்தனையையும் உற்சாகமாக விவரிக்கிறார், அந்தம்மாவும் வெட்கத்தை விட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆனால் இந்த மனிதர் மெரிகேட்டிடம் பேசுவதே இல்லை. முதலில் நாம் அதைக் கவனிக்க மாட்டோம். பாதிக்குமேல் போன பிறகு, விருந்தாளியாக வந்து தங்கியிருக்கும் சார்லஸ் மெரிகேட்டைப் பற்றிப் புகார் சொல்லும்போது, அவள் எப்போதோ இறந்துவிட்டாளே என்கிறார் ஜூலியன். அக்கா மேல் வழக்கு நடந்த சமயத்தில் அநாதை விடுதியில் செத்துப்போனாள் என்கிறார், உறுதியாக. படிக்கிற நமக்கு உடம்பு சில்லிட்டுவிடும். அப்படியானால் இதுவரை கதை சொல்லிக்கொண்டிருப்பது யார் என்று ஒரு நொடி தோன்றும். அவர் புத்தி தடுமாறியவர், அவள் உயிரோடுதான் இருக்கிறாள் என்று தேற்றிக்கொண்டு படித்தாலும் அந்த நொடி போகாது. திரும்பிப் போய்ப் பார்த்தால், அவர் அவளிடம் பேசாததெல்லாம் முதல் பக்கங்களிலிருந்தே நம் கண்முன்னால்தான் இருந்திருக்கிறது.

ரகசியம் வெளிப்படும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் டைரிக் காட்சிக்கு நேர் எதிர் இது. வீட்டில் தீப்பிடிக்கிறது, அணைக்க வந்த ஊர்க்காரர்கள் தீ அணைந்த பிறகு கல்லெறிந்து வீட்டைச் சூறையாடுகிறார்கள், அந்தக் கலவரத்தில் ஜூலியன் இறந்துபோகிறார். அக்காவும் தங்கையும் காட்டுக்குள் மெரிகேட்டின் மறைவிடத்தில் ராத்திரியைக் கழிக்கிறார்கள். இந்த ஊர்க்காரர்கள் சாப்பாட்டில் எல்லாம் விஷம் வைக்கப்போகிறேன் என்கிறாள் மெரிகேட். முன்பு செய்தது போலவா என்று கேட்கிறாள் கான்ஸ்டன்ஸ். ஆமாம், முன்பு செய்தது போல. அவ்வளவுதான். ஆறு வருடத்தில் ஒருமுறைகூட இதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை என்று மெரிகேட் நம்மிடம் சொல்கிறாள். அழுகை இல்லை, ஏன் செய்தாய் என்ற கேள்வி இல்லை.

அந்த இரண்டு வரியில் நமக்கு அதிர்ச்சி தருவது கொலையாளி யார் என்பது இல்லை. கான்ஸ்டன்ஸுக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது என்பதுதான். கிண்ணத்தைக் கழுவியது, கூண்டில் ஏறி நின்றது, ஆறு வருடம் வாசல் தாண்டாமல் கிடந்தது, அடுப்படி விதி எல்லாம் அந்த நொடியில் வேறு அர்த்தம் எடுத்துவிடுகின்றன. தங்கைமேல் இருக்கும் பாசமா, பயமா, அந்தக் குடும்பத்தின் மேல் கான்ஸ்டன்ஸுக்கே இருந்த வெறுப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாது. செத்தவர்கள் சாக வேண்டியவர்களே என்று அவள் போலீஸிடம் சொன்னதாக முன்பே ஒரு இடத்தில் வந்திருக்கும். அந்த வீட்டில் என்ன நடந்தது, ஏன் ஒரு 12 வயதுப் பெண் அப்படிச் செய்தாள் என்று ஜாக்சன் கடைசிவரை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நமக்கு ஒரு நியாயம் கிடைத்திருக்கும், மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போயிருப்போம்.

அதோடு கதை முடியவும் இல்லை. எரிந்து போன வீட்டின் அடுப்படியில் இருவரும் குடித்தனம் தொடர்கிறார்கள், மெரிகேட்டுக்கு உடுத்த மேஜை விரிப்புதான் மிச்சம். ஊர்க்காரர்கள் குற்ற உணர்ச்சியில் வாசலில் சாப்பாடு வைத்துவிட்டுப் போகிறார்கள், பாத்திரங்களை உடைத்ததற்கு, திரைச்சீலையைக் கிழித்ததற்கு என்று துண்டுச்சீட்டோடு. அக்காவும் தங்கையும் சந்தோஷமாக இருக்கிறார்கள். நிஜமாகவே சந்தோஷமாக இருக்கிறார்கள், அதுதான் தாங்க முடியவில்லை.

இப்போது கொரியா. ஜோசான் அரசுக் காலத்து நாட்டுப்புறக் கதை ஒன்று உண்டு, ஜாங்ஹ்வா, ஹோங்ர்யோன் என்ற அக்கா தங்கை கதை. இன்றைய வடகொரியாவில் இருக்கும் சோல்சான் என்ற ஊரில் நடப்பதாகச் சொல்வார்கள். தாய் இறந்துபோகிறாள், தந்தை மறுமணம் செய்கிறார், சித்தி கொடுமைக்காரி. அவள் ஒரு எலியைத் தோலுரித்து மூத்தவளின் படுக்கையில் போட்டுவிட்டு, உங்கள் பெண்ணுக்குக் கள்ளத்தனமாகக் கரு உண்டாகிக் கலைந்திருக்கிறது என்று கணவனிடம் காட்டுகிறாள். குடும்ப மானம் போகும் என்று பயந்து தந்தை மூத்த மகளை ராத்திரியோடு ராத்திரியாக வெளியே அனுப்புகிறார். கூடப் போகும் சித்தியின் மகன் அவளைக் குளத்தில் தள்ளிவிடுகிறான். பின்னாலேயே தங்கையும் அதே குளத்தில் விழுந்து சாகிறாள். இருவரும் ஆவியாகி ஊருக்கு வரும் அதிகாரியிடம் நியாயம் கேட்கப் போகிறார்கள், ஆனால் பார்த்த மாத்திரத்திலேயே அதிகாரி பயத்தில் செத்துப்போகிறார். அடுத்து வருபவரும் அப்படியே. கடைசியில் துணிச்சலான ஒருவர் வந்து என்ன வேண்டும் என்று கேட்கிறார். அவரிடமும் சித்தி அந்தப் பழைய 'கரு'வைக் காட்டி ஏமாற்றப் பார்க்கிறாள். ஆவிகள் சொன்னபடி அதை அறுத்துப் பார்த்தால் உள்ளே எலிப்புழுக்கை.

கதையின்படி சித்தி தண்டிக்கப்படுகிறாள், தந்தைக்கு மன்னிப்பு. பெண்களே அப்பாவை விட்டுவிடச் சொல்லிக் கேட்கிறார்கள். அவர் இன்னொரு கல்யாணம் செய்துகொள்கிறார், இரட்டைப் பெண்கள் பிறக்கிறார்கள், இறந்தவர்களின் பெயரையே வைக்கிறார். கேட்டவர்கள் இதைச் சுபமான முடிவாகத்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு இதைவிடக் கோபம் வரவழைக்கும் இடம் இந்தக் கதையில் வேறு இல்லை. மகளை அனுப்பியது யார்? ஒரு வார்த்தை விசாரிக்காமல், அவளிடம் கேட்கவும் கேட்காமல் அனுப்பியது யார்?

இந்தக் கதையை 1924லிருந்தே கொரியாவில் திரும்பத் திரும்பப் படமாக எடுத்திருக்கிறார்கள். கிம் ஜீ வூன் 2003இல் எடுத்த 'எ டேல் ஆஃப் டூ சிஸ்டர்ஸ்' அந்தத் தந்தையைப் பிடித்துக்கொண்டது. அவர் அதிகம் பேசுவதில்லை, எதையும் தடுப்பதில்லை, மாத்திரை எடுத்துக் கொடுக்கிறார், வேறு அறையில் படுத்துக்கொள்கிறார். மருத்துவமனையிலிருந்து திரும்பும் சூ மி, அவள் தங்கை சூ யோன், வீட்டில் காத்திருக்கும் சித்தி, இவர்களுக்குள் நடக்கும் வதையெல்லாம் அவர் கண்ணில் படாதது போலவே இருக்கிறது. நமக்கு அவர்மேல் ஆத்திரம் வரும். பிறகு ஒரு காட்சியில் அவர் சூ மியிடம் சொல்கிறார், சூ யோன் இறந்துவிட்டாள் என்று. தங்கை எப்போதோ போய்விட்டாள், நாம் பார்த்த சித்தியின் பெரும்பகுதியும் சூ மியின் மனதில் இருந்தவள்தான்.

முதலிலிருந்து மறுபடி பார்த்தால் தெரியும், அந்த அப்பா படம் முழுக்கச் சின்னவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜூலியனை இதோடு சேர்த்து யோசியுங்கள். அங்கே உயிரோடு இருக்கும் பெண்ணோடு ஒருவர் பேசுவதில்லை, ஏனென்றால் அவள் இறந்துவிட்டதாக அவர் நம்புகிறார். இங்கே இறந்த பெண்ணோடு ஒருவர் பேசுவதில்லை, ஏனென்றால் அவர் ஒருவருக்குத்தான் புத்தி தெளிவாக இருக்கிறது. நாற்பது வருட இடைவெளியில், வேறு வேறு நாட்டில், ஒரே உத்தி. வீட்டுக்குள் யார் யாரிடம் பேசுவதில்லை என்பதைக் காட்சியாக வைத்துவிட்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர்ந்துவிட்டார்கள்.

அந்தப் படத்தில் கடைசியாக வரும் பழைய நினைவுதான் உச்சம். மனைவி உயிரோடு இருக்கும்போதே அந்தப் பெண் வீட்டுக்குள் வந்துவிட்டாள், அம்மா துணி அலமாரிக்குள் தூக்குப் போட்டுக்கொள்கிறாள், பார்த்த சூ யோன் அம்மாவை இழுக்கப் போக, அலமாரி அவள் மேலேயே சாய்கிறது. சத்தம் கேட்டு வந்து பார்த்த சித்தி காப்பாற்றாமல் வெளியே போகிறாள், மனசு கேட்காமல் திரும்புகிறாள், அப்போது நடையில் சூ மி எதிரே வந்து அவளிடம் எரிந்து விழுகிறாள். இந்த நிமிஷத்துக்காக நீ பின்னால் வருத்தப்படுவாய் என்று சொல்லிவிட்டுச் சித்தி விட்டுவிடுகிறாள். தங்கை உள்ளே நசுங்கிக்கொண்டிருப்பது தெரியாமல் சூ மி கோபத்தில் வீட்டை விட்டு வெளியே நடக்கிறாள். பேயும் இல்லை, சாபமும் இல்லை, ஒரு சின்ன வீட்டுச் சண்டை. அதை நினைத்து நினைத்து ஒருத்தி உடைந்துபோய், தங்கையை மனதுக்குள் உயிரோடு வைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் படம் வந்த பிறகு "எல்லாம் அவள் மனப்பிரமை" என்ற முடிவை நிறையப் பேர் எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் 2009இல் இதையே மறுபடி எடுத்தார்கள், சூ மியின் துக்கம் அதில் பின்னால் போய்விட்டது, திருப்பம் முன்னால் வந்துவிட்டது. மனநோயைக் கடைசிப் பக்கத்து வித்தையாகப் பயன்படுத்தாதீர்கள். நோய் இருப்பவர்களுக்கும் அநியாயம், கதைக்கும் அநியாயம்.

வேறு இரண்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹென்றி ஃபாரெல் 1960இல் எழுதிய 'வாட் எவர் ஹேப்பன்ட் டு பேபி ஜேன்', 1962இல் பெட் டேவிஸும் ஜோன் கிராஃபோர்டும் நடித்துப் படமாகவும் வந்தது. சின்ன வயதில் மேடையில் புகழ்பெற்ற ஜேன், பிறகு சினிமாவில் பெரிய நட்சத்திரமான பிளாஞ்ச். ஒரு கார் விபத்தில் பிளாஞ்சுக்குக் கால்கள் போய்விடுகின்றன, ஜேன்தான் காரை ஏற்றினாள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், குடிபோதையில் இருந்த ஜேனும் அப்படியே நம்புகிறாள். வருடக்கணக்காக ஒருத்தி சக்கர நாற்காலியில் மாடியில் கிடக்கிறாள், மற்றவள் அவளுக்குச் சாப்பாட்டுத் தட்டில் செத்த எலியை வைத்துக் கொண்டுவருகிறாள். படத்தின் கடைசியில் சாகும் தறுவாயில் பிளாஞ்ச் உண்மையைச் சொல்கிறாள், காரை ஏற்றப் பார்த்தது தான்தான் என்று. இவ்வளவு நாளும் நாம் நல்லபடியாக இருந்திருக்கலாமா என்ற அர்த்தத்தில் ஜேன் ஒரு கேள்வி கேட்பாள், அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. ரகசியத்தைக் காப்பாற்றி வைத்தது பாவப்பட்டவளாக இருந்தவளே என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்று நைஜீரிய எழுத்தாளர் ஓயின்கன் பிரெய்த்வெய்ட் 2018இல் எழுதிய 'மை சிஸ்டர், த சீரியல் கில்லர்'. லாகோஸ் நகரத்துக் கதை. அழகான தங்கை அயூலா காதலர்களைக் கொல்கிறாள், நர்ஸாக இருக்கும் அக்கா கொரெடே ரத்தத்தை ப்ளீச் போட்டுத் துடைக்கிறாள். தலைப்பிலேயே ரகசியத்தைச் சொல்லிவிட்டார், முதல் அத்தியாயத்திலேயே மூன்றாவது பிணம் வந்துவிட்டது, இன்னும் என்ன மிச்சம் என்று தோன்றும். மிச்சம் இருப்பது அப்பா. அயூலா பயன்படுத்துவது செத்துப்போன அப்பாவின் கத்தி. அந்த அப்பா எப்படிப்பட்டவர், எப்படிச் செத்தார் என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வருகிறது. அக்கா ஏன் துடைக்கிறாள் என்று நாம் புத்தகம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

சரி, உங்கள் நாவலுக்கு வருவோம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் அந்த டைரியை எடுத்துவிடுவேன். அதில் இருக்கும் விஷயத்தை அக்காவுக்கு ஆரம்பத்திலேயே தெரிந்ததாக வைப்பேன். அவள் அதை யாரிடமும் சொல்லப்போவதில்லை, மனதுக்குள்ளும் வாக்கியமாக நினைக்கப்போவதில்லை. அவள் செய்கைகளில் மட்டும் அது இருக்கும். உதாரணமாக, முதல் ராத்திரி அக்கா கொல்லைக் கதவைத் தாழ்ப்பாள் போடுகிறாள், வாசல் கதவைத் தாழ்ப்பாள் போடுகிறாள், அப்புறம் தங்கை படுத்திருக்கும் அறையையும் வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் படுக்கப் போகிறாள். தங்கை அதைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. காலையில் அக்கா திறந்துவிட்டுக் காபி கொண்டுவருகிறாள், இருவரும் காய்கறிக்காரர் வந்தாரா என்று பேசுகிறார்கள். இதை எந்த விளக்கமும் கொடுக்காமல் எழுதுங்கள். அக்கா கொடுமைக்காரி என்று படிப்பவர் நினைக்கட்டும், நினைத்துக்கொண்டே இருக்கட்டும்.

உங்களிடம் தங்கையின் கணவன் என்று ஒரு அருமையான பாத்திரம் இருக்கிறது, இப்போதைக்கு அவர் சத்தம் கேட்டால் டார்ச் எடுத்துக்கொண்டு போவதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. ஜாக்சனுக்கு சார்லஸ் எதற்கோ அதற்குத்தான் இவர். வீட்டு விதி தெரியாதவர், தெரிந்தாலும் அபத்தம் என்று நினைப்பவர். அவரையும் மனைவியையும் வேறு வேறு அறையில் படுக்க வைப்பதற்கு அக்கா ஒரு காரணம் சொல்லட்டும், தீட்டு, அப்பாவின் காரியம் முடியவில்லை, எதுவானாலும் சரி. ஒரு ராத்திரி அவர் மனைவிமேல் இருக்கும் அக்கறையில் அந்தத் தாழ்ப்பாளைத் திறந்துவிடட்டும். நல்ல மனிதர் நல்ல எண்ணத்தோடு செய்ததாகவே இருக்கட்டும். உங்கள் நாவலின் உண்மையான திருப்பம் அங்கே வரும் என்று எனக்குத் தோன்றுகிறது, பரண்மேல் வராது.

அப்பாவைப் பற்றியும் ஒன்று. இப்போது எல்லாப் பழியும் செத்துப்போன அப்பாமேல் விழுகிறது. அது சுலபம், அவர் வந்து பதில் சொல்லப்போவதில்லை, உயிரோடு இருப்பவர்கள் எல்லோரும் சுத்தமாகிவிடுகிறார்கள். கொரியக் கதையில் அப்பாவை விட்டுவிட்டார்கள், நீங்கள் அப்பாவைத் தவிர எல்லோரையும் விட்டுவிட்டீர்கள். அப்பா செய்தது செய்ததுதான், அதைக் குறைக்க வேண்டாம். ஆனால் அன்றைக்கு அடுத்த அறையில் இருந்தவள், கதவைத் தட்டாமல் திரும்பிப் போனவள் ஒருத்தி இன்னும் உயிரோடு இருந்தால் என்ன ஆகும்? அது அக்காவாக இருக்கலாம், பக்கத்து வீட்டில் இருக்கும் அத்தையாகவும் இருக்கலாம். அத்தை என்றால் இன்னும் நன்றாக இருக்கும் போலத் தெரிகிறது, ஏனென்றால் தினமும் தூக்குவாளியில் குழம்பு கொண்டுவந்து கொடுக்கும் அத்தையை நீங்கள் ஏற்கனவே எழுதியிருக்கிறீர்கள், அவரை எதற்கும் பயன்படுத்தவில்லை. அவர் ஏன் ஒருநாளும் வாசல்படி தாண்டி உள்ளே வருவதில்லை?

ராத்திரிச் சத்தங்களில் பாதியை வெட்டிவிடலாம். கிணற்றடி உருவத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அது நன்றாக வந்திருக்கிறது, ஆனால் அதைத் தங்கை பகலில் பார்க்கட்டும், அக்கா துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது. முடிவில் எல்லாவற்றையும் விளக்கவும் வேண்டாம். யார் செய்தது என்பதைச் சொல்லிவிடுங்கள், அதை மறைப்பதில் லாபமில்லை. ஏன் என்பதில் கொஞ்சம் படிப்பவர் கையில் விடுங்கள்.

படிப்பதற்கு வரிசை கேட்டீர்கள். ஜாக்சனை முதலில் படியுங்கள், முடித்த உடனே முதல் இரண்டு அத்தியாயத்தை மறுபடி படியுங்கள், அனுமதி இல்லை என்று வரும் இடங்களையெல்லாம் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு. அப்புறம் 2003 கொரியப் படத்தை இரண்டு தடவை, இரண்டாவது தடவை அப்பாவை மட்டும் பார்த்துக்கொண்டு. பிரெய்த்வெய்ட் அதற்குப் பிறகு. பேபி ஜேனைப் படமாகப் பார்த்தாலே போதும். இதெல்லாம் முடிந்ததும் நாவல் முழுவதையும் திருத்த உட்காராதீர்கள், முதல் ராத்திரிச் சாப்பாட்டுக் காட்சியை மட்டும் திரும்ப எழுதிப் போடுங்கள், யார் பரிமாறுகிறார்கள், யார் யாரிடம் பேசவில்லை என்று பார்த்துச் சொல்கிறேன்.